ஷெட்லாந்தின் வுல்வர்: ஓர் இடப்பெயரும் ஒரு தனிச்சான்றும்

ஆய்வுச் சுருக்கம்

ஸ்காட்லாந்தின் வடக்கே அமைந்த ஷெட்லாந்துத் தீவுகளின் நாட்டார் மரபைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் உயிரி 'வுல்வர்' ஆகும். மனித உடலும் ஓநாய்த் தலையும் கொண்ட இவ்வுயிரி ஏழைகளின் சன்னல் விளிம்பில் மீன் வைத்துச் செல்லும் சாந்த குணமுடையது என்பர். இவ்வழக்காற்றின் சான்றுகளைக் காலவரிசையில் வைத்து ஆராயும்போது, அவை 1932ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரே நூலின் ஒரு சிறு பத்தியில் சென்று முடிகின்றன. அப்பத்திக்கு முன்பாக இருப்பது கதை அன்று, ஓர் இடப்பெயரே. வழக்கிழந்த ஒரு மொழியின் பெயர் பொருள் புரியாமற் போனபோது, அதன் இடத்தைக் கதை எவ்வாறு நிரப்பியது என்பதையும், அக்கதையின் மேல் மருத்துவ விளக்கம் வரையான கூற்றுகள் எவ்வாறு எழுப்பப்பட்டன என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: வுல்வர், ஷெட்லாந்து, நோர்ன் மொழி, இடப்பெயராய்வு, ஜெஸ்ஸி சாக்ஸ்பி, யாக்கோப் யாக்கோப்சன், தனிச்சான்று

முன்னுரை

ஐரோப்பிய நாட்டார் வழக்காறுகளில் ஓநாய் பெரும்பாலும் அச்சத்தின் உருவமாகவே இடம்பெறுகிறது. மனிதன் ஓநாயாக மாறும் கதைகளும் பெரிதும் வன்முறை, சாபம், இரவு ஆகியவற்றோடு பிணைந்தவை. இப்பின்புலத்தில், எவருக்கும் தீங்கு செய்யாமல் பாறைமேல் அமர்ந்து மீன்பிடித்து, அதில் ஒரு பங்கை ஏழைகளுக்கு அளிக்கும் ஓநாய்த் தலையன் ஒருவன் தனித்து நிற்கிறான். அண்மைக் காலத்தில் வுல்வர் பெற்றுள்ள பரவலான புகழுக்கு இந்தத் தனித்தன்மையே காரணம் எனலாம். இன்று வழங்கும் மீள்கூற்றுகள் வழிதவறியவர்க்கு வழிகாட்டுதல், இறப்போர் வீட்டின் முன் காவலிருத்தல் போன்ற செயல்களையும் வுல்வருக்கு உரியனவாக்குகின்றன. அதன் தொன்மையைப் பண்டைய கெல்ட்டியர் காலம் வரை கொண்டு செல்வனவும் உண்டு.

இக்கூற்றுகள் எவ்வளவு பழமையானவை? எவர் வாய்மொழியாகக் கேட்டவை? எந்த ஆவணத்தில் முதலில் பதிவானவை? நாட்டார் வழக்காற்று ஆய்வில் அடிப்படையான இவ்வினாக்களை வுல்வரிடம் எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தீவுகளும் மறைந்த மொழியும்

ஷெட்லாந்து நூற்றுக்கு மேற்பட்ட தீவுகளின் தொகுதி. இவற்றுள் மக்கள் வாழ்பவை சிலவே. ஏறத்தாழ கி.பி. 9ஆம் நூற்றாண்டு முதல் நோர்வேயிலிருந்து வந்து குடியேறியோரின் மொழி இத்தீவுகளில் வேரூன்றியது. 1469ஆம் ஆண்டில் டென்மார்க்-நோர்வே அரசர் முதலாம் கிறித்தியான், தம் மகளை மணந்த ஸ்காட்லாந்து அரசர் மூன்றாம் ஜேம்சுக்குத் தரவேண்டிய சீர்ப்பொருளில் 8,000 ஃபுளோரின் தொகைக்கு ஈடாக ஷெட்லாந்தை அடகு வைத்தார். அவ்வடகு மீட்கப்படவேயில்லை. ஆட்சி, சமயம், வணிகம் ஆகிய துறைகளில் ஸ்காட்டியர் மொழி மேலோங்க, தீவினரின் 'நோர்ன்' மொழி படிப்படியாகத் தேய்ந்தது.

1774இல் ஃபூலா தீவுக்குச் சென்ற பாதிரியார் ஜார்ஜ் லோ, வில்லியம் ஹென்றி என்னும் உழவரிடமிருந்து நோர்ன் மொழியில் ஒரு நெடுங்கதைப் பாடலை எழுதிக்கொண்டார். லோவுக்கு அம்மொழி தெரியாது. காதில் விழுந்தவாறே எழுதினார். பாடிய முதியவரும் கதையின் சுருக்கத்தைச் சொல்ல முடிந்தவரேயன்றிச் சொல்லுக்குச் சொல் பொருள் கூற இயலாதவராயிருந்தார். ஒரு மொழி இறக்கும் தருணத்தின் நிலை இதுவே: ஒலி எஞ்சுகிறது, பொருள் நழுவுகிறது. 19ஆம் நூற்றாண்டில் நோர்ன் முற்றிலும் வழக்கொழிந்தது. ஆயினும் குன்று, ஓடை, பாறை, வயல் ஆகியவற்றின் பெயர்களில் அது தங்கிவிட்டது. நாள்தோறும் அப்பெயர்களைச் சொல்லிவந்த மக்களுக்கு அவற்றுட் பலவற்றின் பொருள் தெரியாது. வுல்வரின் வரலாறு இந்த இடைவெளியிலேதான் தொடங்குகிறது.

சாக்ஸ்பியின் பதிவு

வுல்வரைப் பற்றிய விவரிப்பு ஜெஸ்ஸி சாக்ஸ்பி எழுதி 1932இல் வெளிவந்த 'ஷெட்லாந்து மரபு வழக்காறுகள்' என்ற நூலில் காணப்படுகிறது. அதன் சாரம் வருமாறு: அவ்வுயிரி மனித உருவும் ஓநாய்த் தலையும் உடையது, உடல் முழுதும் குட்டையான பழுப்பு மயிர் கொண்டது, குன்றொன்றின் நடுச்சரிவில் அமைந்த மேட்டைக் குடைந்து செய்த குகையில் வாழ்வது, தன்னைத் துன்புறுத்தாதவரைத் தானும் துன்புறுத்தாதது, மீன்பிடிப்பதில் விருப்பம் மிக்கது. ஆழ்நீரில் உள்ள ஒரு சிறு பாறை 'வுல்வரின் கல்' என்று இன்றும் வழங்குகிறது. அங்கு அது மணிக்கணக்கில் அமர்ந்து சிறுமீன்களைப் பிடிக்கும். ஏழை ஒருவரின் சன்னல் விளிம்பில் சில மீன்களை அடிக்கடி வைத்துச் செல்லும்.

நூலாசிரியரின் பின்னணி இங்குக் கருதத்தக்கது. 1842இல் ஷெட்லாந்தின் வடகோடித் தீவான அன்ஸ்ட்டில் பிறந்தவர் சாக்ஸ்பி. தந்தை லாரன்ஸ் எட்மண்ட்ஸ்டன் மருத்துவர், இயற்கை ஆய்வாளர்; குடும்பம் தீவின் நிலவுடைமைக் குடும்பங்களுள் ஒன்று. கணவர் ஹென்றி சாக்ஸ்பியும் மருத்துவரே; ஷெட்லாந்துப் பறவைகள் குறித்த அவரது நூல் அவர் மறைந்தபின் 1874இல் வெளியாயிற்று. இளவயதில் கைம்மையுற்ற ஜெஸ்ஸி எழுத்தால் பிள்ளைகளைக் காத்தார். சிறுவர் கதைகள், கவிதைகள், கட்டுரைகள் எனப் பெருமளவில் எழுதினார். தம் உடன்பிறந்தார் பயட் எட்மண்ட்ஸ்டனுடன் இணைந்து 1888இல் 'ஓர் இயற்கையாளரின் இல்லம்' என்ற நூலை வெளியிட்டார். தீவின் வழக்காறுகளுக்கு அந்நூலிலும் இடமுண்டு. 1932இல் அவருக்கு அகவை 90. எனவே அவர் தீவின் வாழ்க்கையை உள்ளிருந்து அறிந்தவர் என்பதில் ஐயமில்லை. அதே வேளையில் அவர் கதை புனைவதைத் தொழிலாகக் கொண்டவர் என்பதையும் மறத்தற்கில்லை.

அவரது பத்தியின் அமைப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. அதில் நிகழ்ச்சி என ஒன்றில்லை. மீன் பெற்ற ஏழையின் பெயரில்லை, ஊரில்லை, இதனைக் கூறியவர் யாரென்ற குறிப்பில்லை. ஷெட்லாந்தின் பிற உயிரிகளோடு ஒப்பிட்டால் இவ்வேறுபாடு தெளிவாகும். குன்றுகளுக்குள் வாழும் 'ட்ரௌ' எனும் சிற்றுருவத்தார், நீர்நிலைகளில் குதிரை வடிவில் தோன்றும் 'நியகல்' ஆகியோரைப் பற்றிப் பலர் பல காலங்களில் பதிவு செய்துள்ளனர். ட்ரௌக்களிடமிருந்து கற்றதாகச் சொல்லப்படும் ஃபிடில் இசைமெட்டுகளும் உண்டு. இவ்வழக்காறுகள் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. வுல்வரை ஒரு பத்தி மட்டுமே தாங்கி நிற்கிறது.

குன்றின் பெயர்

இச்சிக்கலைத் தெளிவாக்கியவர் ஷெட்லாந்து ஆவணக் காப்பாளர் பிரையன் ஸ்மித். வுல்வர் என்ற கதைமாந்தரை உருவாக்கியவர் சாக்ஸ்பியே என்பதும், அதற்கு விதையாக அமைந்தது மொழியறிஞர் யாக்கோப் யாக்கோப்சனின் இடப்பெயர் விளக்கமே என்பதும் அவரது முடிவாகும்.

யாக்கோப்சன் (1864-1918) ஃபரோ தீவுகளைச் சேர்ந்தவர். நோர்ன் மொழியோடு நெருங்கிய உறவுடைய ஃபரோ மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட அவர், 1893 முதல் 1895 வரை ஷெட்லாந்தில் தங்கி முதியோரிடம் எஞ்சியிருந்த நோர்ன் சொற்களைத் தொகுத்தார். தம் ஆய்வை 1897இல் முனைவர் பட்டத்துக்கு அளித்தார். இடப்பெயர்கள் பற்றிய அவரது நூல் 1901இல் டேனிய மொழியில் வெளிவந்தது. 'வுல்வர்ஸ் ஹூல்' என்னும் குன்றின் பெயரை ஆராய்ந்த அவர், அதன் முற்பகுதி 'ஆல்ஃப்ர்' என்ற தொல் நோர்ஸ் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் எனக் கருதினார். ஆல்ஃப்ர் என்பது மறைவுலகத்துச் சிறுதெய்வ இனத்தைக் குறிக்கும் சொல். 'ஹூல்' என்பது குன்று அல்லது மேடு. ஆகவே அப்பெயரின் பொருள் 'அணங்குக் குன்று' என்பதாகும். இவ்விளக்கத்தில் ஓநாய்க்கு இடமே இல்லை.

பின் ஓநாய் எங்கிருந்து வந்தது? ஆங்கிலமோ ஸ்காட்டியர் மொழியோ பழகிய செவிக்கு 'வுல்வர்' என்ற ஒலி ஓநாயை நினைவூட்டுவது இயல்பு. ஆனால் அப்பெயரைப் படைத்த மொழி வேறு. தொல் நோர்ஸில் ஓநாய் 'உல்ஃப்ர்' எனப்படும். செருமானிய மூலமொழியில் அச்சொல்லின் முதலில் இருந்த வகர ஒலி நோர்ஸ் மொழியில் மறைந்துவிட்டது. ஆங்கிலத்திலோ அது நிலைத்தது. எனவே 'வுல்வர்' என்பதன் முதலெழுத்து ஓநாய்ப் பொருளுக்குத் தனிச்சான்றாகாது. உல்ஃப்ர் என்பது நோர்ஸ் மக்களிடையே பெருவழக்காயிருந்த ஆண்பெயர் என்பதையும் இங்குச் சேர்த்தெண்ணலாம். சொல்லின் மூலம் உல்ஃப்ரே என்று கொண்டாலும், அக்குன்று ஓநாய்த் தலையனுக்கு உரியதாவதைக் காட்டிலும் அப்பெயர் பூண்ட குடியானவன் ஒருவனுக்கு உரியதாவதற்கே வாய்ப்பு மிகுதி.

இவ்விளக்கத்தை மனத்திற்கொண்டு சாக்ஸ்பியின் பத்தியை மீண்டும் படிக்கும்போது ஒரு செய்தி புலனாகிறது. வுல்வரின் வீடு ஒரு மேடு. அதன் இருக்கை ஒரு பாறை. முன்னது 'ஹூல்' என்ற பெயர்க்கூற்றின் விரிவு. பின்னது 'வுல்வரின் கல்' என்ற பெயரின் விரிவு. மேட்டைக் குடைந்து வாழ்தல் ஷெட்லாந்து மரபில் ட்ரௌக்களுக்கு, அதாவது அணங்கினத்தார்க்கு, உரிய பண்பு. ஆக, உருவம் ஓநாயினுடையதாக மாறியபின்னும் வாழிடம் பழைய பொருளையே காட்டிக்கொண்டிருக்கிறது.

ஓநாய் இல்லாத நிலம்

இயற்கை வரலாறும் இம்முடிவுக்குத் துணைநிற்கிறது. ஷெட்லாந்தில் ஓநாய் இயற்கையாக வாழ்ந்ததில்லை, நரியும் இல்லை. அங்குள்ள நிலப்பாலூட்டிகள் மனிதரோடு வந்து சேர்ந்தவையே. ஸ்காட்லாந்தின் பெருநிலத்தில் ஆட்டு மந்தைகளுக்கும் பயணிகளுக்கும் ஓநாய் ஒரு மெய்யான அச்சுறுத்தலாயிருந்தது. தீவினருக்கு அது கதையிலும் மறைநூலிலும் மட்டும் கேட்ட விலங்கு. ஒரு விலங்கை அறியாத மக்களும் அதைப் பற்றிக் கதை கூறக்கூடும் என்பது உண்மையே. ஆயினும் அக்கதை உள்ளூர் அனுபவத்தின் விளைவு என்று கொள்ள இயலாது.

வுல்வரை ஓநாய் மனிதன் என்ற வகையில் சேர்ப்பதும் பொருந்தாது. ஐஸ்லாந்துச் சாகாக்களில் ஓநாய்த் தோல் போர்த்து ஓநாயாக மாறுவோர் உண்டு. எகில் சாகாவில் வரும் பாட்டன் குவெல்துல்ஃப்ரின் பெயரே 'மாலை ஓநாய்' எனப் பொருள்படும். இவர்களின் அடையாளம் உருமாற்றம். வுல்வர் உருமாறுவதில்லை, ஒருபோதும் மனிதனாயிருந்ததாகச் சொல்லப்படுவதும் இல்லை. பெயரின் ஒலியொப்புமை நீங்கலாக, அதனை நோர்ஸ் மரபின் உருமாறிகளோடு இணைக்கும் கண்ணி எதுவும் சாக்ஸ்பியின் பத்தியில் இல்லை.

சன்னல் விளிம்பில் மீன்

இடப்பெயர் வீட்டையும் பாறையையும் தந்தது. மீனை அது தரவில்லை. அப்பகுதி ஷெட்லாந்தின் சமூக வரலாற்றிலிருந்து வந்தது.

வுல்வர் பிடிப்பதாகச் சொல்லப்படும் 'சில்லக்', 'பில்டக்' என்பன காட் குடும்பத்தைச் சேர்ந்த ஒரே மீனின் இரு இளம்பருவங்கள். முதலாண்டுக் குஞ்சு சில்லக். அதனினும் சற்று வளர்ந்தது பில்டக். இவை கரையோரப் பாறையிலிருந்தே தூண்டிலுக்கு அகப்படுபவை. படகு வேண்டாம், பாறைச்சிப்பியை நசுக்கி இரையாக்கினாற் போதும். ஆகவே இது முதியோர், சிறுவர், படகில் செல்ல இயலாதோர் ஆகியோரின் மீன்பிடி. இதன் ஈரல் விளக்கெரிக்கும் எண்ணெயும் தந்தது. தானியம் பொய்த்த ஆண்டுகளில் பல குடும்பங்களின் உயிரைத் தாங்கியது இந்தச் சிறுமீனே.

பெருமீன் வேறு கணக்கில் அடங்கியது. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் குத்தகையாளர் பலர், தாம் பிடிக்கும் மீனை நில உரிமையாளருக்கோ அவர் குறித்த வணிகருக்கோ கொடுத்தாக வேண்டும் என்ற நிபந்தனையின்மேல் நிலம் பெற்றனர். அதன்பொருட்டு ஆறு துடுப்புகள் கொண்ட திறந்த படகுகளில் கரைகாணாத் தொலைவுக்கு அவர்கள் சென்றனர். 1832 சூலையில் வீசிய புயலில் 31 படகுகளும் 105 பேரும் மாண்டனர். 1881 சூலையில் யெல் தீவின் குளூப் பகுதியில் 10 படகுகளைச் சேர்ந்த 58 பேர் மாண்டனர். 34 பெண்கள் கைம்மையுற்றனர். 85 குழந்தைகள் தந்தையை இழந்தனர். கூலியைப் பணமாகத் தராமல் வணிகரின் கடைக்கணக்கில் பொருளாகக் கழிக்கும் முறை 1872இல் அரசு விசாரணைக்குள்ளானது. 1886ஆம் ஆண்டுச் சட்டம் சிறுகுத்தகையாளர்க்கு நிலப்பாதுகாப்பை அளிக்கும் வரை, கடலோடியின் குடும்பம் கணவனையும் குடிலையும் ஒருசேர இழக்கும் நிலை இருந்தது.

சாக்ஸ்பி வளர்ந்த உலகம் இது. அவரது வுல்வர் கொண்டுவரும் மீன் எந்தக் கணக்கேட்டிலும் ஏறாதது, கடனாகத் தரப்படாதது, கொடுத்தவர் முகம் காட்டாதது. பிழைப்புக்காகப் பிடித்த மீனும் உடைமையாளரின் கணக்கில் சேர்ந்த ஒரு சமூகத்தில், விலையின்றி வந்து சேரும் சிறுமீன் எவ்வளவு பெரிய கற்பனை என்பதை எளிதில் உணரலாம். எனவே அப்பத்தியை ஒரு தொன்மையான நம்பிக்கைக்குச் சான்றாகக் கொள்ள இயலாவிட்டாலும், 19ஆம் நூற்றாண்டுத் தீவு வாழ்க்கையின் ஏக்கம் ஒன்றுக்குச் சான்றாகக் கொள்ள இயலும். அதன் வரலாற்று மதிப்பு அங்கேயே உள்ளது.

தனிச்சான்றின் மேல் எழுந்த கட்டடம்

சாக்ஸ்பியின் குறிப்பு கேதரின் பிரிக்ஸின் 1976ஆம் ஆண்டு அணங்கியல் அகராதியில் இடம்பெற்றது. அகராதிப் பதிவு பரவலான வழக்கைக் குறிப்பதாக எண்ணும் பழக்கம் வாசகரிடையே உண்டு. ஒரு முதியவரின் ஒரு பத்தி, அகராதியில் ஏறியதும் 'ஷெட்லாந்து மக்களின் நம்பிக்கை' என்ற தகுதியைப் பெற்றது.

அடுத்த படி மருத்துவ விளக்கம். சூசன் ஷூன் எபர்லி 1988இல் 'ஃபோக்லோர்' இதழில் வெளியிட்ட கட்டுரை, மாற்றுக்குழந்தைக் கதைகள் முதலியவற்றில் உடற்குறையுடன் பிறந்த மனிதரின் நினைவு பதிந்துள்ளது என வாதிட்டது. மிக முதன்மையான ஆய்வு அது. ஊனமுற்ற குழந்தைகள் 'அணங்கு மாற்றி வைத்தவை' எனக் கருதப்பட்டுக் கொடுமைக்குள்ளான செய்திகள் மெய்யானவை. அவ்வரிசையில் வுல்வரும் ஹண்டர் நோய்க்கூறு போன்ற ஒரு மரபுவழிக் குறைபாட்டுடன் வாழ்ந்த மனிதராயிருக்கலாம் என்ற கருத்து முன்வைக்கப்பட்டது.

இக்கருத்தில் இரு தடைகள் உள்ளன. ஒன்று மருத்துவம் சார்ந்தது. சார்லஸ் ஹண்டர் 1917இல் விவரித்த அந்நோயின் கடுமையான வகை, இதயம், மூச்சு, மூட்டுகள் ஆகியவற்றைத் தாக்கி இளமையிலேயே உயிரைப் போக்குவது. தன்னந்தனியே குகையில் வாழ்ந்து, பாறைமேல் நெடுநேரம் அமர்ந்து மீன்பிடிக்கும் உருவத்தோடு அது இயைவதில்லை. மற்றது சான்றியல் சார்ந்தது, அதுவே வலிமையானது. நோயறிதலுக்கு ஒரு நோயாளி வேண்டும். கண்டவர் எவரென்று தெரியாத, காலமும் ஊரும் குறிக்கப்படாத, இடப்பெயரின் ஒலியிலிருந்து பெரும்பகுதியைப் பெற்ற ஒரு விவரிப்பில் நோயாளி இல்லை. இத்தகைய கருதுகோள் மெய்யான மாற்றுத்திறனாளிகளின் வரலாற்றுக்கே ஊறு செய்யும். கொடுமைக்குள்ளான மெய்யான குழந்தைகளின் சான்றும் எழுத்தாளரின் கற்பனையும் ஒரே பட்டியலில் நின்றால், பின்னதன் வலுவின்மை முன்னதன் மீதும் ஐயத்தை வரவழைக்கும்.

மறுப்புரை ஒன்றையும் இங்கு நோக்கவேண்டும். வாய்மொழி வழக்காறுகள் பல, ஒரே குடும்பத்தில் வழங்கி, ஒரே முறை பதிவாகி மறைவதுண்டு. சாக்ஸ்பி சிறுவயதில் கேட்ட ஒரு கதையை முதுமையில் எழுதியிருக்கக் கூடாதா? கூடும். ஆயினும் ஒரு வழக்காற்றை மரபு எனக் கொள்ள மூன்று சான்றுகளேனும் நாடப்படும்: முதற்பதிவைச் சாராத மற்றொரு பதிவு, கண்டோர் அல்லது கேட்டோர் கூறிய நிகழ்ச்சி, நிலத்தில் பதிந்த பெயர். வுல்வருக்கு மூன்றாவது மட்டுமே உண்டு. அதுவும் வேறொரு பொருளையே சுட்டுகிறது. எனவே 'சாக்ஸ்பி கூறுகிறார்' என்பதற்கு மேல் 'ஷெட்லாந்தினர் நம்பினர்' என்று எழுத ஆய்வாளர்க்கு உரிமையில்லை.

முடிவுரை

நோர்ன் மொழி வழக்கில் இருந்த காலத்தில் வுல்வர்ஸ் ஹூல் பொருள் விளங்கிய பெயராயிருந்தது. மொழி மறைந்தபின் அது வெறும் ஒலியாயிற்று. வேற்றுமொழி பழகிய செவி அவ்வொலியில் ஓநாயைக் கேட்டது. வறுமையும் கடல்சாவும் நிறைந்த ஒரு நூற்றாண்டின் நினைவு அவ்வோநாயின் கையில் மீனைக் கொடுத்தது. பின்வந்த அகராதியும் மருத்துவ ஊகமும் அதற்குத் தொன்மையையும் உடலையும் வழங்கின.

ஒரு கதையின் தோற்றத்தை 1932 எனக் குறிப்பதால் அக்கதை சிறுமையுறுவதில்லை. எல்லா மரபுகளும் ஒருநாள் எவரோ ஒருவர் சொல்லத் தொடங்கியவையே. இன்று ஷெட்லாந்தினரும் பிறரும் விரும்பிக் கூறும் வுல்வர், நம் கண்ணெதிரே உருவாகிவரும் ஒரு மரபு. ஆனால் அதன் பெயரால் இழக்கக்கூடாத ஒன்றுண்டு. யாக்கோப்சன் முதியோரிடம் கேட்டுத் தொகுத்த சொற்கள், அழிந்த மொழி ஒன்றின் கடைசித் தடயங்கள். புதிய கதையின் கவர்ச்சியில் 'அணங்குக் குன்று' என்ற பழைய பொருள் மறைந்துபோகுமானால், நோர்ன் மொழியின் ஒரு சொல் இரண்டாம் முறை இறந்ததாகும். இடப்பெயரையும் கதையையும் தனித்தனியே அவற்றுக்குரிய காலத்தில் நிறுத்திப் படிப்பதே இரண்டிற்கும் நாம் செய்யத்தக்க நேர்மையாகும்.